டிகிரியும் டிப்ளோமாவும் ஒன்றாகப் படிக்கலாமா? வணிகம் படிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்



பிள்ளைக்காம்பராவில் பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற நேரம். ஒரு தாய் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, முந்தானையில் மடித்து வைத்திருந்த ஒரு நோட்டீசை எடுத்துக் காட்டினார்.

"டீச்சர், மகளுக்கு உயர்தரத்தில வணிகப் பிரிவு, மூனு பாடமும் பாஸ். கெம்பஸ் கெடைக்குமா கெடைக்காதான்னு தெரியல. டவுன்ல ஒரு ஆள் இந்த நோட்டீசக் குடுத்தாரு. பிஸ்னஸ் டிகிரியும் மார்க்கெட்டிங் டிப்ளோமாவும் சேத்துப் படிக்கலாமாம். இந்த வெள்ளிக்கெழமைக்குள்ள காசு கட்டினா கழிவாம். தோட்ட அடகு வைக்கலாமான்னு பாக்குறேன். வைக்கவா, வேணாமா?"

தோடு என்று அவர் சொன்னது காதில் கிடந்த தோட்டைத்தான். நான் நோட்டீசை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கோட் போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கும் படம் இருந்தது, கழிவு எவ்வளவு என்பது பெரிய எழுத்தில் இருந்தது. டிகிரி தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

அந்த இடத்தில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க, அதுக்கு முந்தி நாலு கேள்வி கேட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்த நாலு கேள்வியையும் அதற்குப் பின்னால் உள்ள விஷயத்தையும் இந்தப் பக்கத்தில் பாடமாக எழுதுகிறேன். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்கு வாசித்துக் காட்டலாம்.

இரண்டும் ஒன்றல்ல

வணிகப் பட்டம் என்றால் வணிகமாணி, வியாபார நிருவாகமாணி போன்றவை. அரச பல்கலைக்கழகங்களில் சிறப்புப் பட்டத்துக்கு நான்கு வருடம். அதில் நிதிக் கணக்கீடு, முகாமைக் கணக்கீடு, பொருளியல், வணிகப் புள்ளிவிபரவியல், வணிகச் சட்டம், நிதி முகாமைத்துவம், ஆட்களை நிருவகிப்பது, சந்தைப்படுத்தல் என்று ஒரு வியாபாரத்தின் எல்லாப் பக்கமும் வரும். ஒரு வீட்டில் அடுப்படி, முன்னறை, கூரை, கான் எல்லாவற்றையும் சுற்றிப் பார்ப்பது போல.

சந்தைப்படுத்தல் டிப்ளோமா என்பது அந்த வீட்டின் வாசல் மட்டும். வெளியே நிற்கும் ஆளுக்கு என்ன வேண்டும், அவர் உள்ளே வருவாரா, வந்தால் என்ன விலை கொடுப்பார், மறுபடியும் வருவாரா என்பதே அதன் கேள்வி. அது தொழில் சார்ந்த படிப்பு. நாளைக்கு ஒரு கம்பனியில் போய் இருந்தால் கையால் செய்ய வேண்டியதைச் சொல்லித் தருவது. நம் நாட்டில் இதற்குப் பேர் போனவை இரண்டு. ஒன்று இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவகம். ஸ்லிம் என்று சொல்வார்கள். 1970ல் தொடங்கி, 1980ல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. மற்றது சீ.ஐ.எம். என்னும் இங்கிலாந்து நிறுவனம். அது 1911ல் விற்பனை முகாமையாளர் சங்கமாகத் தொடங்கி, 1989ல் அரச பட்டயம் பெற்றது. கொழும்பில் பகலில் பல்கலைக்கழகமும் சனி, ஞாயிறில் இந்த வகுப்புமாக ஓடும் பிள்ளைகள் ஏராளம்.

ஏன் இரண்டையும் படிக்கிறார்கள்? வேலைக்கு ஆள் எடுக்கிறவர் டிகிரியைப் பார்த்தால் இந்தப் பிள்ளைக்குப் படிக்க முடியும் என்று நம்புவார். டிப்ளோமாவைப் பார்த்தால் இந்த வேலையைச் செய்ய முடியும் என்று நம்புவார். இரண்டும் கையில் இருந்தால் கேள்வி குறையும். அவ்வளவுதான். இரண்டும் இருந்தால் வேலை கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம்ம கொழுந்தை வைத்தே ஒரு பாடம்

சந்தைப்படுத்தல் என்றால் என்ன என்று புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. நமக்குத் தெரிந்த சாமானிலேயே இருக்கிறது.

மலையில் எடுக்கும் பச்சைக் கொழுந்து ஏறக்குறைய 4½ கிலோ சேர்ந்தால் ஸ்டோரில் ஒரு கிலோ தூள். அந்தத் தூள் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று தரம் பிரிந்து, தரகர் கையில் மாதிரியாகப் போய், கொழும்பு ஏலத்தில் விற்கும். அந்த ஏலம் 1883ல் தொடங்கியது. 2020ல் கொரோனா வந்தபோது ஏல மண்டபத்தை மூடிவிட்டுக் கம்பியூட்டர் வழியாக நடத்தத் தொடங்கினார்கள். வாங்குகிறவர் அதைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார். மொத்தமாக மூட்டையில் போகும் தூளை வெளிநாட்டில் வேறு நாட்டுத் தூளோடு கலந்து, அங்கே பெட்டியில் போட்டு, அங்குள்ள பேரை ஒட்டினால், கடையில் வாங்குகிற மனுஷனுக்கு நம்ம மலை இருப்பதே தெரியாது. விலையில் பெரிய பங்கு அந்தப் பெட்டிக்கும் பேருக்கும்தான் போகும்.

இதை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் தோமஸ் லிப்டன். 1871ல் கிளாஸ்கோவில் ஒரு பலசரக்குக் கடை போட்டவர், 1890ல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை உட்பட சில தோட்டங்களை வாங்கினார். அந்தக் காலத்தில் கடைக்காரர் பெட்டியிலிருந்து தேயிலையை அள்ளி நிறுத்துக் கொடுப்பார். கலப்படமா, நிறை சரியா என்று யாருக்கும் தெரியாது. லிப்டன் சிறிய பைக்கற்றில் நிறையை அச்சடித்து, தன் பேரைப் போட்டு, தன் கடையிலேயே விற்றார். கொழுந்து மாறவில்லை. விற்ற விதம் மாறியது.

நூறு வருடத்துக்குப் பிந்திய கதையும் ஒன்று உண்டு. மெரில் ஜே. பெர்னாண்டோ என்பவர் கொழும்பில் தேயிலை ருசி பார்க்கப் பழகி, பல வருடம் மொத்தமாக ஏற்றுமதி செய்தவர். வேறு யாருடைய பெட்டிக்கோ தூள் அனுப்பிக்கொண்டிருந்தது போதும் என்று, தன் இரண்டு மகன்மாரின் பேரைச் சேர்த்து டில்மா என்ற பேரில், இங்கேயே பொதி செய்து, 1985ல் அவுஸ்திரேலியாவில் விற்கத் தொடங்கினார். 2023ல் அவர் காலமானபோது அந்தப் பேர் உலகத்துக்கே தெரிந்திருந்தது. இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையும் இதே கணக்குத்தான். முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்து, தரமும் சரியாக இருந்தால்தான் அந்தச் சிங்கத்தைப் பைக்கற்றில் போட முடியும்.

இப்போது டிப்ளோமா வகுப்பில் முதல் நாள் சொல்லித் தரும் நான்கு சொற்களைப் பாருங்கள். பொருள், விலை, இடம், மேம்படுத்தல். 1960ல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் இப்படி நான்காகப் பிரித்துக் காட்டினார். லிப்டன் நிறை அச்சடித்த பைக்கற்று பொருள். தன் கடை என்பது இடம். சிங்க இலச்சினை பொருளுக்கு நம்பிக்கை சேர்க்கிறது, மேம்படுத்தலுக்கும் உதவுகிறது. பிலிப் கொட்லர் 1967ல் எழுதிய பாடநூல் இந்த விஷயத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இன்றைக்கும் டிகிரி வகுப்பிலும் டிப்ளோமா வகுப்பிலும் அந்தப் புத்தகத்தின் புதிய பதிப்பைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

இன்னொரு பாடமும் நம்ம மலையிலேயே உண்டு. 4000 அடிக்கு மேலே விளைவது உயர்நிலத் தேயிலை. 2000 அடிக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. திம்புள்ளைப் பக்கம் வருடத் தொடக்கத்து வரட்சியில் நல்ல மணம் வரும். ஊவாப் பக்கம் ஆடி, ஆவணிக் காற்றில் தனி வாசம் வரும். மத்திய கிழக்கு நாடுகளில் சாயம் இறங்கும் தாழ்நிலத் தேயிலையை விரும்புகிறார்கள். ஊவாவின் வாசத்துக்கு ஜப்பானில் ஆள் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே சாமானை நீட்டாமல், யாருக்கு எது பிடிக்கும் என்று பிரித்துப் பார்ப்பதைச் சந்தைத் துண்டமாக்கல் என்பார்கள். பரீட்சையில் இந்தச் சொல்லுக்கு வரைவிலக்கணம் கேட்பார்கள். நம்ம பிள்ளை ஊவாவையும் திம்புள்ளையையும் உதாரணம் காட்டி எழுதினால் புள்ளி போடாமல் இருக்க முடியாது. கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத ஒரு வசதி இது. ஆனால் நம்ம பிள்ளைகள் தோட்டத்தைப் பற்றி எழுத வெட்கப்பட்டு, பார்க்காத கம்பனியைப் பற்றி எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்.

டிகிரி எங்கே முடியும், டிப்ளோமா எங்கே தொடங்கும்

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். தொகைகள் கணக்குக்காகச் சொல்வது. லயத்தில் இரண்டு பேர் சேர்ந்து முறுக்குச் சுட்டு டவுன் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைக்கற்று 120 ரூபா. மா, எண்ணெய், பை, கடைக்காரருக்குப் போவது எல்லாம் சேர்த்து ஒரு பைக்கற்றுக்கு 75 ரூபா. இது மாறும் கிரயம். அடுப்புத் தவணையும் பஸ் காசும் மாதம் 9000 ரூபா. விற்றாலும் விற்காவிட்டாலும் இது போகும், ஆகவே நிலையான கிரயம்.

120ல் 75 போனால் 45. ஒரு பைக்கற்று விற்றால் 9000 ரூபாவை அடைக்க 45 ரூபா வருகிறது. 9000ஐ 45ஆல் பிரித்தால் 200. மாதம் 200 பைக்கற்று விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 201வது பைக்கற்றிலிருந்துதான் கையில் காசு. இது டிகிரி வகுப்பில் முகாமைக் கணக்கீட்டில் வரும்.

பக்கத்துக் கடையில் போட்டி வந்துவிட்டது, 10 ரூபா குறைத்து 110க்குக் கொடுப்போம் என்றால்? மிச்சம் 35 ரூபா. இப்போது 258 பைக்கற்று விற்க வேண்டும். பத்து ரூபா குறைத்ததற்கு 58 பைக்கற்று கூடுதலாகச் சுட வேண்டும்! நம்மில் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கிறோம்?

அல்லது நல்ல பை, அதில் ஒரு பேர், சுட்ட திகதி எல்லாம் போட்டு, பைக்கு 5 ரூபா கூடச் செலவழித்து, 140 ரூபாவுக்கு விற்றால்? 140ல் 80 போக 60. அப்போது 150 பைக்கற்று போதும்.

கணக்கு 150 என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த 140 ரூபாவைக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? சம்பள நாளில் மட்டும் வாங்குவார்களா? டவுனுக்குச் சுற்றுலா வருகிறவர் வாங்குவாரா? அவர் எந்தக் கடையில் நிறுத்துகிறார்? இதைக் கேட்பதுதான் டிப்ளோமா. ஒன்று தெரிந்து மற்றது தெரியாதவர் பாதி வியாபாரிதான். இரண்டையும் சேர்த்துப் படிப்பதில் உள்ள உண்மையான இலாபம் இந்த இடத்தில் இருக்கிறது, சான்றிதழ் இரண்டு கிடைப்பதில் அல்ல.

நான் தவறிய பாடம்

நான் வெளிவாரியாக வணிகமாணி படித்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்ளோமா வகுப்புக்குப் போனேன். சனிக்கிழமை பின்னேரம் ஹட்டனில் பஸ் ஏறினால் கொழும்பில் சின்னம்மா வீட்டுக்குப் போய்ச் சேர இரவாகும். டிகிரிப் பரீட்சையில் எனக்கு நல்ல புள்ளி வந்துகொண்டிருந்தது. டிப்ளோமாவில் முதல் ஒப்படையே தவறியது.

ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். வரைவிலக்கணம், வகைகள், நன்மைகள், தீமைகள் எல்லாம் இருந்தன. விரிவுரையாளர் ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: இந்தக் கம்பனி திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

அதுதான் வித்தியாசம். டிகிரிப் பரீட்சையில் தெரிந்ததைக் காட்ட வேண்டும். டிப்ளோமா ஒப்படையில் முடிவு சொல்ல வேண்டும். ஒரு முகாமையாளருக்கு அறிக்கை எழுதுவது போல, நிலைமை இது, இதற்கு மூன்று வழி, நான் சொல்வது இரண்டாவது வழி, செலவு இவ்வளவு, எப்போது முடியும், வெற்றியா தோல்வியா என்று எப்படி அளப்பது என்று எழுத வேண்டும். இரண்டாம் முறை நான் எங்கள் தோட்டத்துக் கூட்டுறவுக் கடையைப் பற்றியே எழுதினேன். ஒன்பது பக்கம்தான். பாஸ்.

நம்ம பிள்ளைகளுக்கு இது கஷ்டமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் நாம் பாடமாக்கி எழுதப் பழக்கியிருக்கிறோம். எங்கள் ஆசிரியர் கூட்டத்தின் தவறு அது, பிள்ளைகளின் தவறு அல்ல.

நேரமும் இங்கிலீசும்

2012ல் வந்த இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம். ஆகவே மொத்தம் 6000 மணித்தியாலம். வருடத்துக்கு 1500. வருடம் முழுக்கப் பரப்பினாலும் கிழமைக்கு ஏறக்குறைய 30 மணித்தியாலம். டிப்ளோமாவுக்கு வார இறுதியில் ஆறு மணித்தியாலம் வகுப்பு, வீட்டில் அதே அளவு வாசிப்பு என்று வைத்தால் 12. இரண்டும் சேர்த்து 42. அதோடு பிள்ளை ஒரு கடையில் 48 மணித்தியாலம் வேலையும் செய்தால் 90 ஆகிறது. ஒரு கிழமையில் இருப்பதே 168. தூக்கத்துக்கு 49 போனால் மிச்சம் 29. பஸ், சமையல், துணி, காய்ச்சல், கோயில் திருவிழா எல்லாம் அதற்குள்தான்.

செய்ய முடியாது என்று சொல்லவில்லை, செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேலை, டிகிரி, டிப்ளோமா மூன்றையும் முதல் வருடத்திலேயே பிடித்தவர்களில் பலர் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் விடுவது டிகிரியைத்தான், ஏனென்றால் வேலை சோறு போடுகிறது, டிப்ளோமாவுக்குக் காசு கட்டியாகிவிட்டது. என் அபிப்பிராயம், டிகிரியின் முதல் வருடம் முடியும் வரை டிப்ளோமாவைத் தொடாதீர்கள். முதல் வருடத்தில் கணக்கீடும் புள்ளிவிபரமும் கழுத்தைப் பிடிக்கும். இரண்டாம் வருடத்தில் சந்தைப்படுத்தல் பாடம் தொடங்கும்போது டிப்ளோமாவையும் தொடங்கினால், ஒரு தடவை வாசித்தது இரண்டுக்கும் உதவும்.

இங்கிலீசைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நம்ம பிள்ளைகள் பின்வாங்கும் இடம் இதுதான். டிப்ளோமா வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். டிகிரியும் பல இடத்தில் அப்படித்தான். உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை மாதக்கணக்கில் பிள்ளை வீட்டில் இருக்கிறது. அந்த மாதங்களை இங்கிலீசுக்குக் கொடுங்கள். உயர்தரக் கணக்கீட்டுப் புத்தகத்தைத் தமிழில் ஏற்கெனவே படித்த பிள்ளைக்கு, அதே பாடத்தை ஆங்கிலப் புத்தகத்தில் வாசித்தால் விஷயம் தெரியும், சொல் மட்டும் புதிது. கொப்பியின் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று ஒரு நாளைக்குப் பத்து எழுதினால், ஆறு மாதத்தில் 1800 சொல். டவுனில் இங்கிலீசு பேசப் பழக்கும் வகுப்பை விட இது உதவும் என்பது என் அனுபவம்.

அந்த நாலு கேள்வி

நோட்டீசோடு வந்த தாய்க்கு நான் எழுதிக் கொடுத்தவை இவை.

முதலாவது, டிகிரியைத் தருவது யார்? வகுப்பு நடத்தும் இடம் வேறு, பட்டம் தரும் பல்கலைக்கழகம் வேறாக இருக்கலாம். அரச பல்கலைக்கழகமாக இருந்தால் பிரச்சினை இல்லை. உள்நாட்டுத் தனியார் நிறுவனமாக இருந்தால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் பட்டம் வழங்க அனுமதி இருக்க வேண்டும், அந்தக் குறிப்பிட்ட பட்டத்துக்கே இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாக இருந்தால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிற சர்வதேசப் பட்டியலில் அதன் பேர் இருக்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை.

இரண்டாவது, டிப்ளோமா எந்த மட்டம்? தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டம் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ததா என்று இலக்கத்தோடு கேட்க வேண்டும். டிப்ளோமா என்று பேர் வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் முடிகிற வகுப்பும் இருக்கிறது.

மூன்றாவது, விலக்களிப்பு உண்டா? டிகிரியில் படித்த பாடத்தை டிப்ளோமாவில் மறுபடி எழுதாமல் விடுவார்களா, அல்லது டிப்ளோமா முடித்தால் டிகிரியில் இரண்டாம் வருடத்துக்குச் சேர்ப்பார்களா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். வாயால் சொல்வதை ஏற்கக் கூடாது. கடிதத்தில் தரச் சொல்லுங்கள்.

நான்காவது, மொத்தச் செலவு எவ்வளவு? சேரும் கட்டணம் மட்டும் கேட்காதீர்கள். பரீட்சைக் கட்டணம், அங்கத்துவக் கட்டணம், தவறினால் மறுபடி எழுதும் கட்டணம், பட்டமளிப்பு விழாக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பவுணிலோ டொலரிலோ கட்டுவதாக இருந்தால் விலை நிற்காது. 2022ல் ரூபாவின் பெறுமதி விழுந்தபோது, பாதியில் இருந்த பிள்ளைகளின் கட்டணம் ஒரே வருடத்தில் எப்படி ஏறியது என்று அந்த வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தாய் மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்கு ஒரு பேர் சொன்னார்களாம். மூன்றாவதைக் கடிதத்தில் தரச் சொன்னபோது, "அம்மா, மற்றவங்க எல்லாம் கட்டிட்டாங்க, சீட் முடியப் போகுது" என்றார்களாம். மகள் எழும்பி, "வாங்கம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டதாம். தோடு இன்னும் காதில்தான் இருக்கிறது.

காசு இல்லாத வழிகளும் உண்டு

முதலில் அரச பல்கலைக்கழகம். வணிகப் பிரிவில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று இடம் பிரிக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பதினாறுக்குள் வரும். ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் விட வேண்டாம். விண்ணப்பப் படிவத்தில் பாடநெறிகளை வரிசைப்படுத்தும்போது பேர் கேட்ட ஒன்றிரண்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ எல்லாவற்றையும் பாருங்கள். ஊவா வெல்லஸ்ஸவில் தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்ப்பும் என்றே ஒரு பட்டம் உண்டு. அதற்கு வேறு பாடத் தகைமை வேண்டும், விஞ்ஞானம் படிக்கும் தம்பி தங்கைமார் கவனிக்கலாம். அரச பல்கலைக்கழகம் போனால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளை மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். அது 1981லிருந்து இருக்கிறது.

அது கிடைக்காவிட்டால் உயர் தேசிய டிப்ளோமா. உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகத்தின் கல்லூரிகள் கண்டியிலும் பதுளையிலும் இருக்கின்றன. வணிக நிருவாகம், கணக்கீடு எல்லாம் உண்டு. எந்தப் பாடநெறி எந்தக் கல்லூரியில் என்று விண்ணப்பம் கோரும் விளம்பரத்தில் வரும். தொழில் தகைமை வழியில் 5, 6 என்று ஏறி, 2008ல் சட்டமாகிய யுனிவோடெக் பல்கலைக்கழகத்தில் 7ஆம் மட்டம் வரை போகவும் வழி இருக்கிறது. டிகிரியிலிருந்து டிப்ளோமாவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, டிப்ளோமாவிலிருந்து டிகிரிக்கும் ஏறலாம்.

உயர்தரம் பாஸ் ஆகியும் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு, அரசு தெரிவு செய்த தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று 2017ல் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் புதிதாக விளம்பரம் வரும், நிபந்தனையும் மாறும். வட்டி இல்லை என்றாலும் கடன் கடன்தான், பிணையாளி வேண்டும், படித்து முடித்த பிறகு கட்ட வேண்டும். சேமலாப நிதியில் 30 வீதம் எடுக்கலாமே என்று சில அப்பாமார் கேட்கிறார்கள். அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் தரும் வசதி. படிப்புக்கு என்று எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

செய்து பாருங்கள்

வரும் சம்பள நாளில் டவுனுக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். ஒரு கடையில் உள்ள தேயிலைப் பைக்கற்றுகளில் ஐந்தைத் தெரிவு செய்து, கொப்பியில் பேர், நிறை, விலை, எங்கே பொதி செய்தது, சிங்கம் இருக்கிறதா என்று எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றுக்கும் 100 கிராம் என்ன விலை என்று கணக்குப் பார்க்கட்டும். ஏன் ஒன்றுக்கு ஒன்று இவ்வளவு வித்தியாசம் என்று ஒரு பக்கத்தில் எழுதட்டும். கடைசி வரியில், மிகவும் விலை குறைந்த பைக்கற்றின் சொந்தக்காரர் திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும்.

தோட்டு அம்மாவின் மகள் இதைச் செய்துவிட்டது. அந்தப் பிள்ளையின் கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. கடைக்காரர் முதலில் சந்தேகமாகப் பார்த்து, பிறகு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னாராம். வெட்டுப்புள்ளி வர இன்னும் நாள் இருக்கிறது. அது வரைக்கும் தினம் பத்துச் சொல் எழுதுகிறது.